பூட்டு அப்படியே இருந்தது

அன்று திங்கட்கிழமை. கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருப்பேன். தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்துக் கல்லாமேல் வைத்தார். கதவுக்குள் பதிக்கிற மார்டைஸ் பூட்டு. மேலே ஒரு கீறல் இல்லை. சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தேன். நாக்கு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது, உள்ளே போனது.

"பூட்டு நல்லாத்தாண்ணே இருக்கு. வீட்லதான் ஒண்ணுமில்ல" என்றார்.

பையில் இன்னொரு சாமானும் இருந்தது. பூட்டின் நாக்கு போய் உட்காருவதற்காக நிலையில் பதித்திருந்த தகடு. அதில் இரண்டு திருகுகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் அரை அங்குலம். புரியில் மரத்தூள் ஒட்டியிருந்தது. திருடன் பூட்டைத் தொடவே இல்லை. தோளால் இடித்திருக்கிறான், அவ்வளவுதான். அரை அங்குல ஆழத்துக்கு மட்டும் பிடித்துக்கொண்டிருந்த தகடு மரச்சில்லோடு பெயர்ந்து வந்துவிட்டது.

நாகப்பட்டினத்தில் முப்பது வருடமாக இரும்புக்கடை வைத்திருக்கிறேன். புதுவீடு கட்டுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனிப் பூட்டுண்ணே நல்லது?" நான் திருப்பிக் கேட்பது, "உங்க நிலை என்ன நிலை? மரமா, சிமெண்டா, இரும்பா?" இவன் ஏன் சம்பந்தமில்லாமல் பேசுகிறான் என்பதுபோலப் பார்ப்பார்கள். இடிக்கிற விசை பூட்டோடு நின்றுவிடுவதில்லை. பூட்டிலிருந்து தகட்டுக்கு, தகட்டிலிருந்து திருகுக்கு, திருகிலிருந்து நிலைக்கு, நிலையிலிருந்து சுவருக்குப் போகிறது. இதில் எது இளப்பமோ அங்கே விட்டுப்போகும். அந்தக் காலத்து வீடுகளில் கதவுக்குப் பின்னால் குறுக்குக் கட்டை போட்டு இரண்டு பக்கச் சுவரிலும் சொருகிவைத்தார்களே, அதில் பூட்டும் இல்லை, திருகும் இல்லை. விசை நேராகச் சுவருக்குப் போய்விடும். தூக்கிப் போடச் சிரமம் என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆகவே பெட்டிக்குள் கம்பெனிக்காரர் போட்டுக் கொடுக்கிற குட்டித் திருகை எடுத்து ஓரமாக வையுங்கள். மர நிலையாக இருந்தால் தகட்டுக்கு இரண்டரை அல்லது மூன்று அங்குலத் திருகு போடச் சொல்லுங்கள். தலைவாசல் கதவின் மேல் கீலுக்கும் அப்படியே. தேக்கிலும் வேம்பிலும் நீளத் திருகை நேராக ஏற்றினால் மரம் பிளக்கும். முதலில் மெல்லிய துளை போட்டு, திருகைச் சோப்பில் ஒரு தேய்ப்புத் தேய்த்து இறக்க வேண்டும். சிமெண்ட் நிலையாக இருந்தால் துளையிட்டு பிளக் அடித்துத்தான் திருக வேண்டும். வெறும் துளையில் மரக்குச்சி சொருகித் திருகினால் ஆறே மாதத்தில் ஆட ஆரம்பிக்கும்.

திருகு நீளமாக இருந்தால் மட்டும் போதாது. நம் ஆசாரிகளில் சிலருக்கு ஒரு பழக்கம். நானே கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். திருகை முக்கால்வாசி சுத்தியாலேயே அடித்து இறக்கிவிட்டு, கடைசி இரண்டு சுற்றுக்குத்தான் திருப்புளியை எடுப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் அடித்து இறக்கிய திருகின் புரி மரத்தைக் கடிப்பதில்லை, கிழிக்கிறது. அது திருகு இல்லை, ஆணி. கண்டுபிடிக்க ஒரு வழி: திருகைக் கழற்றிப் பாருங்கள். புரியில் சுற்றிச் சுற்றி மரநார் வந்தால் திருகியது. தொளதொளவென்று கையோடு வந்துவிட்டால் அடித்தது.

நிலையே ஆடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து உடம்பின் எடையைக் கொடுத்துத் தள்ளுங்கள். நிலைக்கும் பூச்சுக்கும் நடுவில் விரிசல்கோடு திறந்து மூடினால், சுவருக்குள் பதித்த ஹோல்டுபாஸ்ட் பட்டை துருப்பிடித்துப் போயிருக்கலாம், அல்லது போடாமலே பூசியிருக்கலாம். அப்படிப்பட்ட நிலையில் எத்தனை ஆயிரத்துக்குப் பூட்டு மாட்டியும் பிரயோஜனம் இல்லை. முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

இரட்டைக் கதவு வைத்த வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இரண்டு கதவில் ஒன்று அசையாமல் நிற்க, இன்னொன்று அதன்மேல் பூட்டிக்கொள்ளும். நிற்கிற கதவை நிறுத்துவது மேலும் கீழும் உள்ள இரண்டு டவர் போல்ட்தான். கீழே உள்ளது தரையில் ஒரு துளைக்குள் இறங்க வேண்டும். அந்தத் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். வீடு பெருக்கிய தூசி, கழுவிவிட்ட தண்ணீரோடு வந்த மண், எல்லாம் சேர்ந்து பாதிக்குமேல் தூர்ந்திருக்கும். தண்டு கால் அங்குலம்கூட உள்ளே போயிருக்காது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தபோது பல வீடுகளில் இப்படித்தான் இரண்டு கதவும் சேர்ந்து உள்ளே திறந்துகொண்டன. பூட்டு இரண்டையும் விடாமல் கோத்துப் பிடித்தபடியேதான் இருந்தது. அடுத்த இரண்டு வாரம் என் கடையில் தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் போக மீதி விற்றதெல்லாம் டவர் போல்ட். ஒரு பழைய ஆணியால் அந்தத் துளையைக் குடைந்து சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் ஆகும். தண்டு குறைந்தது ஒன்றரை அங்குலம் இறங்கட்டும். நிலையிலும் அதே கணக்கு.

இனி, வெளிப்பக்கத் தாழ்ப்பாள். திருடர்கள் ஒரு வீட்டில் கைவைப்பதற்கு முன் அக்கம்பக்கத்து வீட்டுக் கதவுகளை வெளியே தாழிட்டுவிட்டுப் போவதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். சத்தம் கேட்டு எழுந்தாலும் யாரும் வெளியே வர முடியாது. நம்மூர்க் கதவுகளில் ஆல்டிராப்பை வெளியில் வைப்பது வழக்கமாகிவிட்டது. தொங்கு பூட்டுப் போட வசதி என்பார்கள். தொங்கு பூட்டே போடாத வீட்டிலும் அது சும்மா கிடக்கும், தெருவில் போகிறவன் யார் வேண்டுமானாலும் உங்களை உள்ளே வைத்துத் தாழ் போடலாம் என்று சொல்லிக்கொண்டு. கதவில் மார்டைஸ் பூட்டு இருந்தால் வெளி ஆல்டிராப்பைக் கழற்றிவிடுங்கள். கழற்ற மனமில்லையென்றால், வீட்டில் இருக்கும்போது திறந்த நிலையிலேயே ஒரு சின்னப் பூட்டைப் போட்டு அதை நகரவிடாமல் வையுங்கள். பின்வாசலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தொங்கு பூட்டுக்கு நான் விரோதி இல்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டை இன்றைக்கும் கடையில் தனி வரிசையாகத்தான் வைத்திருக்கிறேன். கையில் எடுத்தால் கனம் சொல்லும். ஆனால் தலைவாசலில் தொங்குகிற பூட்டு, வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே சொல்கிறது. கதவுக்குள் பதித்த பூட்டு அதைச் சொல்லாது. இன்னொன்று, தொங்கு பூட்டை உடைக்கவே தேவையில்லை, கொண்டியை நெம்பினாலே போதும். மூடியபிறகும் கொண்டியின் திருகுத்தலை வெளியே தெரிந்தால், கழற்றிக்கொள் என்று நாமே சொன்னதுபோல ஆகிவிடும். மடங்கும் பட்டை திருகை மறைக்கிற மாதிரி உள்ள கொண்டியாகப் பார்த்து வாங்குங்கள். கொண்டிக்கும் நாதாங்கிக்கும் திருகு போடாமல், கதவை ஊடுருவிப்போகிற போல்ட் போட்டு நட்டை உட்பக்கம் முடுக்கச் சொல்லுங்கள்.

மார்டைஸ் பூட்டு வாங்கும்போது கவனிக்க வேண்டியது பளபளக்கிற கைப்பிடியை அல்ல. சாய்ந்த முனையுள்ள நாக்கு, கதவு காற்றில் திறக்காமல் இருக்க மட்டும்தான். ஸ்பிரிங்கில் வேலை செய்வது. இடைவெளியில் ஒரு வளையும் அட்டையைச் சொருகித் தள்ளினாலே அது பின்வாங்கும். கதவைச் சாத்திவிட்டுச் சாவி போடாமல் போகிறவர்கள் அதை நம்பித்தான் போகிறார்கள். சாவி திருப்பினால் வெளியே வருகிற சதுர முனை நாக்குதான் உண்மையான பூட்டு. கடையிலேயே சாவியைத் திருப்பி அது எவ்வளவு நீளம் வருகிறது என்று பாருங்கள். இரண்டு திருப்பில் 20 மில்லிமீட்டருக்குமேல் வந்தால் எடுங்கள்.

சாவி நுழைகிற உருளையைக் கடைக்காரர்கள் சிலிண்டர் என்போம். அதற்குள் குட்டி ஊசிகள் ஸ்பிரிங்கில் நிற்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு ஊசியையும் அதனதன் உயரத்துக்கு எழுப்பி, வெட்டுக்கோடெல்லாம் ஒரே மட்டத்தில் வந்தால்தான் உள்ளுருளை சுற்றும். 1861-ல் அமெரிக்காவில் லைனஸ் யேல் காப்புரிமை பெற்ற யோசனை. இன்று என் அலமாரியில் இருக்கிற சிலிண்டர்களெல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்தான். இந்தச் சிலிண்டரின் நடுவில் ஒரு திருகு போகத் துளை உண்டு. அந்த இடத்தில் உலோகம் மெலிந்திருக்கும். சிலிண்டர் கதவுத் தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குறடால் பிடித்து ஒடித்துவிடலாம். தகட்டிலிருந்து 3 மில்லிமீட்டருக்குமேல் நீட்டக்கூடாது. 60, 70 என்று பல அளவில் கிடைக்கிறது. அளவு பார்க்காமல் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை மாட்டிய வீடுகளில் ஒரு விரல் கனத்துக்குத் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

வீடு கட்டி முடித்துக் குடிபோகும் முன் சிலிண்டரை மட்டும் மாற்றிவிடுங்கள். கட்டுகிற காலத்தில் உங்கள் சாவி பெயிண்டர், ஆசாரி, எலக்ட்ரீஷியன், டைல்ஸ்காரர் என்று எத்தனை கை மாறியது என்று உங்களுக்கே நினைவிருக்காது. யாரையும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. வாடகை வீட்டுக்குப் போகிறவர்களும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு இதைச் செய்யலாம். காலி செய்யும்போது பழையதை மாட்டிக் கொடுத்துவிட்டு உங்களுடையதை எடுத்துக்கொள்ளலாம்.

உலோகத்தைப் பற்றிக் கேட்டால் நான் கொஞ்சம் அதிகம் பேசிவிடுவேன், கடற்கரை ஊர்க்காரன் என்பதால். எல்லா ஸ்டீலும் ஸ்டெயின்லெஸ் இல்லை. காந்தத்தை ஒட்டிப்பார்த்து வாங்குகிறவர்கள் வருகிறார்கள். 202 என்கிற மட்டமான ரகத்திலும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. ஒட்டினால் வேண்டாம் என்று ஒதுக்கலாமே தவிர, ஒட்டாததால் நல்லது என்று எடுக்க முடியாது. 304-ல் 18 சதவீதம் அளவுக்குக் குரோமியமும் 8 சதவீதம் அளவுக்கு நிக்கலும் இருக்கும். கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊர்களுக்கு அது தாராளம். கடல் காற்று நேராக அடிக்கிற வீடுகளுக்கு 316 வேண்டும். அதில் சேர்க்கிற 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான் உப்பைத் தாங்குகிறது. விலை கூடத்தான். தலைவாசலுக்கு மட்டுமாவது போடுங்கள். பித்தளையும் எங்கள் பக்கம் நன்றாக உழைக்கும், பச்சை பூத்தால் புளி போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் திருகும் அதே உலோகமாக இருக்கட்டும். பித்தளைக் கீலுக்கு இரும்புத் திருகு போட்டால் முதலில் அழுகுவது திருகுதான், கீல் புதுசு போலவே இருக்கும்.

கீல் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கனமான தேக்குத் தலைவாசலுக்கு ஐந்து அங்குலக் கீல் நான்கு. உள்ளறைக் கதவுக்கு நான்கு அங்குலத்தில் மூன்று. இழுவிசை முழுக்க மேல் கீலில்தான் விழும். கதவு தரையில் உரசினால் உடனே ஆசாரியைக் கூப்பிட்டு அடியை இழைக்கச் சொல்லாதீர்கள். மேல் கீலின் திருகைப் பாருங்கள். துளை லூசாகியிருந்தால் திருகைக் கழற்றி, ஃபெவிகாலில் நனைத்த தேக்குக் குச்சியைத் துளைக்குள் அடித்து, காயவிட்டு, மீண்டும் திருகினால் கதவு எழுந்து நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரம் குடித்து ஊதுவது வேறு சமாச்சாரம். அப்போதே இழைத்துவிட்டால் பங்குனி வெயிலில் ஒரு விரல் இடைவெளி விழும். தை வரை பொறுத்துப் பாருங்கள். வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவில் கீல் ஊசி தெருவைப் பார்த்து இருக்கும். தட்டினால் கழன்று வராதபடி முனை அடைத்த கீலாகக் கேட்டு வாங்குங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியே இருப்பவனை உள்ளே விடாமல் இருக்க. உள்ளே இருப்பவர் வெளியே வருவதைப் பற்றி என் கடையில் யாரும் கேட்பதில்லை. நானும் நினைத்ததில்லை, என் அம்மா குளியலறையில் வழுக்கி விழும்வரை. உள்ளே டவர் போல்ட் போட்டிருந்தார்கள். கதவு உள்பக்கமாகத் திறப்பது. அம்மா விழுந்தது கதவின்மேலேயே சாய்ந்து. போல்ட்டைப் பெயர்த்தபிறகும் கதவைத் தள்ள முடியவில்லை. தள்ளினால் அவர்மேல்தான் இடிக்கும். கடைசியில் வெளிச்சம் வரும் சன்னல் பட்டைகளைக் கழற்றி, பக்கத்து வீட்டுப் பையனை உள்ளே இறக்கினோம். இடுப்பெலும்பு முறிவு. தாழ்ப்பாள் விற்கிறவன் வீட்டில் நடந்தது இது.

வயதானவர்கள் இருக்கிற வீட்டில் குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். டவர் போல்ட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே குமிழும் வெளியே ஒரு பள்ளமும் உள்ள பாத்ரூம் லாட்ச் போடுங்கள். அந்தப் பள்ளத்தில் ஒரு ரூபாய்க் காசையோ திருப்புளியையோ வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும். குழந்தை உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாலும் இதுதான் கைகொடுக்கும். அறைக் கதவுகளில் குழந்தையின் கைக்கு எட்டுகிற கீழ்த்தாழ்ப்பாளைப் பள்ளிக்கூடம் போகிற வயது வரை கழற்றியே வைக்கலாம்.

கைப்பிடியில் உருண்டைக் குமிழைவிட நீளப்பிடி நல்லது. மூட்டுவலிக்காரர்கள் முழங்கையாலேயே திறக்கலாம். ஆனால் முனை கதவை நோக்கி வளைந்திருக்க வேண்டும். நேராக நீட்டிக்கொண்டிருக்கும் பிடியில் முந்தானை மாட்டிக்கொண்டு, கையில் சாம்பாரோடு நின்றுபோனவர்களுக்குத் தெரியும்.

இரவில் கிரில் கேட்டுக்கு உட்புறமாகத் தொங்கு பூட்டுப் போடுகிற வீடுகள்தான் அதிகம். அந்தச் சாவி எங்கே? தலையணைக்கு அடியில், பீரோவில், அப்பாவின் சட்டைப் பையில். இரவு இரண்டு மணிக்குப் புகை சூழ்ந்தால், மின்சாரம் போனால், நெஞ்சுவலி வந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தால் அந்தச் சாவியை யார் தேடுவது? கேட்டிலிருந்து உள்பக்கம் நான்கைந்து எட்டு தள்ளி, வெளியிலிருந்து கையோ குச்சியோ நீட்டினால் எட்டாத இடத்தில் ஒரு ஆணி அடித்து அங்கேயே மாட்டுங்கள். வீட்டில் எல்லோருக்கும், வேலைக்கு வருகிற அம்மாவுக்கும் தெரியட்டும். தலைவாசல் சிலிண்டரிலும் இதே யோசனைதான். இரண்டு பக்கமும் சாவி போடுகிற ரகத்தை நான் சிபாரிசு செய்வதில்லை. வெளியே சாவி, உள்ளே திருகு குமிழ் உள்ளதை வாங்குங்கள். கதவுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி இருந்து, உடைத்துக் கைவிட்டால் குமிழ் எட்டும் என்றால், குமிழைக் குறை சொல்லாமல் கண்ணாடிக்குப் பின்னால் கிரில் போடுங்கள்.

டிஜிட்டல் பூட்டு கேட்டு இப்போது நிறையப் பேர் வருகிறார்கள், பெரும்பாலும் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் சொல்லி. கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலானவை பேட்டரியில் ஓடுபவை, தீர்வதற்கு முன் கீச்சிடும். கைரேகைதான் பிரச்சினை. ரேஷன் கடையில் மெஷினில் விரலை வைத்து வைத்து அலுத்துத் திரும்பிய பாட்டிக்கு உங்கள் தலைவாசலும் திறக்காது. பாத்திரம் தேய்த்து, சிமெண்டில் வேலை பார்த்துத் தேய்ந்த விரல்களை அது அடையாளம் காணாது. எண்ணோ கார்டோ போட்டுத் திறக்கிற வசதியும், சாதாரணச் சாவித் துளையும் இருக்கிற ரகமாகப் பாருங்கள். அந்தச் சாவியைத் தங்கை வீட்டில் கொடுத்து வையுங்கள். பெட்டியோடு பத்திரமாகப் பீரோவுக்குள் வைத்துவிட்டு வெளியே நின்று எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு.

கதவுக் கண்ணாடித் துளையை ஆசாரியின் உயரத்துக்குப் போடாதீர்கள். வீட்டிலேயே குள்ளமானவர், பகலில் தனியாக இருப்பவர் யாரோ அவர் கண் உயரத்துக்குப் போடுங்கள். சங்கிலி, ஆளைப் பார்த்துப் பேசுவதற்கு மட்டும்; ஒரு தள்ளுக்குமேல் அது தாங்காது.

சாவி இறுகினால் தேங்காய் எண்ணெய் ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அன்றைக்கு ஓடும். பிறகு எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசுக்காகி ஊசிகளை ஒட்டவைத்துவிடும். பென்சில் கூரைச் சீவித் தூளாக்கிச் சாவிப் பல்லில் தடவி நாலு தடவை போட்டு எடுங்கள். கிராபைட்டைவிட நல்ல மருந்து சிலிண்டருக்குக் கிடையாது. எண்ணெய் கீலுக்குப் போடலாம், அதுவும் மெஷின் எண்ணெய்.

கடைக்குக் கிளம்பும் முன் கதவின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். 30, 35, 40 மில்லிமீட்டர் என்று பூட்டின் அளவே அதைப் பொறுத்துத்தான். கதவு இடக்கைப்பக்கம் திறக்கிறதா, வலக்கைப்பக்கமா, உள்ளேயா, வெளியேயா என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளைவுட் பிளஷ் கதவு என்றால் பூட்டு பதிக்கிற இடத்தில் உள்ளே கட்டை வைத்திருக்கிறார்களா என்று, கதவு விற்றவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். இல்லாத இடத்தில் குடைந்தால் திருகு தூளைத்தான் பிடிக்கும். கூடவே, இப்போது நிலைத் தகட்டில் இருக்கிற திருகில் ஒன்றைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவாருங்கள். நான் முதலில் கேட்பது அதைத்தான்.